மாவுக்குத் தடை இல்லை

மே 9

அக்கா,

நலம் விசாரித்து எழுத எனக்கு நேரமில்லை. அதைப் படிக்க உனக்கும் பொறுமை இருக்காது. அம்மாவை அடக்கம் செய்துவிட்டு நீயும் அத்தானும் வண்டி ஏறிப் போன பிறகு நான் உனக்கு ஒரு வரி எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. யார் முதலில் எழுதுவது என்று இரண்டு பேரும் முறுக்கிக்கொண்டு இருந்தோம். சரி, நானே தோற்றுப் போகிறேன். எனக்கு அரிசி வேண்டும்.

எனக்கு என்றால் எனக்கில்லை, ஆஸ்பத்திரியில் என் வார்டுக்கு. கட்டிலுக்கு இரண்டு பேர் படுத்திருக்கிறார்கள், கட்டிலுக்கு அடியில் பாய் போட்டு இன்னொருவர். தாழ்வாரத்தில் கால் வைக்க இடமில்லை. பெரிய வியாதி யாருக்கும் கிடையாது. சாப்பிடாததுதான் வியாதி. அதற்கு எங்கள் அலமாரியில் மருந்து இல்லை. பெரிய டாக்டர் எல்லார் அட்டையிலும் 'பலவீனம்' என்று எழுதுகிறார். "பட்டினின்னு எழுதினா பேனா ஒடஞ்சிடுமா டாக்டர்?" என்று கேட்டேன். "பேனா ஒடையாதும்மா, என் பொழப்பு ஒடஞ்சிடும். அந்த வார்த்தையே கூடாதுன்னு மேல இருந்து உத்தரவு" என்றார்.

எதிரி ஆற்று வழியாக வந்துவிடுவான் என்று பட்டாளம் எங்கள் படகுகளை எல்லாம் பிடுங்கிக் கரையில் குவித்து எரித்தது உனக்குத் தெரியும். அதோடு மீனும் போயிற்று, சந்தைக்குச் சாமான் வரும் வழியும் போயிற்று. கடல் தாண்டி வந்துகொண்டிருந்த அரிசி சண்டையால் நின்றது. உள்ளூரில் விளைந்ததைப் பட்டாளத்துக்கும் தலைநகரத்துத் தொழிற்சாலைகளுக்கும் வாரிக்கொண்டு போனார்கள். மிச்சத்தை உன் வீட்டுக்காரர் மாதிரி ஆட்கள் கிடங்கில் போட்டுப் பூட்டினார்கள். இந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

அம்மாவைக் கிடத்தியிருந்த கூடத்தில் நின்றுகொண்டு அத்தான் "வெலை இன்னும் ஏறும்" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். அதற்கு நான், "சாவு வீட்டுலயும் யாவாரம் பேசுற மனுஷன் இனிமே எங்க வீட்டுப் படி ஏற வேணாம்" என்றேன். சொன்னது சொன்னதுதான். அப்படிச் சொன்னவளே இன்று உங்கள் படியில் கை நீட்டி நிற்கிறேன். பத்து மூட்டை அனுப்பச் சொல். இல்லாவிட்டால் ஐந்து. ஒன்றானாலும் பரவாயில்லை.

உன் தங்கை


மே 23

வாயாடிக்கு,

உன் கடிதம் வந்தது. தபால் தணிக்கையில் உறையைப் பிரித்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். 'பட்டாளம்' என்ற சொல்லுக்குப் பிறகு நாலைந்து வரிக்குக் கறுப்பு மை பூசியிருந்தது. உன் அத்தானைப் பற்றிய வரியை மட்டும் பத்திரமாக விட்டுவைத்திருந்தார்கள். அவரே அதைப் படித்தார். படித்துவிட்டு மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு அரிசி ஆலைக்குப் போய்விட்டார்.

முதலில் நீ கேட்ட அரிசி. ஒரு மாவட்டத்துத் தானியம் அடுத்த மாவட்டத்துக்குப் போகக் கூடாது என்று உத்தரவு போட்டு இரண்டு மாதம் ஆகிறது. பாலத்துக்கு இந்தப் பக்கம் சோதனைச் சாவடி. போன வாரம் ஒருவர் தன் மகள் வீட்டுக்கு ஒரு பை அரிசி கொண்டுபோனார். பையையும் பிடுங்கிக்கொண்டு அவரையும் உள்ளே தள்ளினார்கள். பத்து மூட்டையை நான் என்ன, முந்தானையில் முடிந்தா அனுப்புவேன்?

கிடங்கு விஷயத்துக்கு வருகிறேன். உன் அத்தான் சொல்வதை அவர் வாயாலேயே கேள்: "நான் நியாய வெலைக்குத் தெறந்து வித்தா ஏழைங்க வாங்குவாங்கன்னு ஒன் தங்கச்சி நெனைக்கிறா. எதிர்க்கடைக்காரன் அஞ்சாறு ஆளை வரிசையில நிக்க வெச்சு மொத்தத்தையும் வாங்கி அவன் கிடங்குல அடைப்பான். என் மூட்டை அவன் மூட்டையாகும். பசி அப்படியேதான் இருக்கும்." இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

சாவு வீட்டில் நடந்ததும் நீ நினைக்கிற மாதிரி இல்லை. அடுத்த வீட்டுக்காரர், பிள்ளைகளுக்கு இப்போதே வாங்கி வைக்கலாமா, விலை இறங்குமா என்று இவரைக் கேட்டார். கேட்டதற்கு இவர் பதில் சொன்னார். நீ பின்பாதியை மட்டும் கேட்டாய். அவரும் அம்மாவை அம்மா என்றுதான் கூப்பிட்டார். அன்றைக்கு வண்டியில் பாலம் வரும்வரை அம்மா வீட்டுப் பக்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அம்மாவை என்னிடம் அனுப்பு, அனுப்பு என்று எத்தனை தடவை எழுதினேன்? இங்கே அவளுக்கு ஒரு வேளையும் குறைந்திருக்காது. நீ அனுப்பியிருந்தால் அந்தக் காய்ச்சலைத் தாங்கியிருப்பாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ சாப்பிடுகிறாயா?

அக்கா


ஜூன் 3

அக்கா,

அனுப்பியிருந்தால் என்று எழுதியிருக்கிறாய். அம்மா என்ன பார்சலா? பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தேன். அவள் பெட்டியைப் பிரித்துத் துணிகளை மறுபடி கொடியில் போட்டாள். "நான் போயிட்டா இதுங்களுக்கு யாரு குடுப்பா?" என்றாள். பின்பக்கத்து முடிவெட்டுகிறவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தன் தட்டில் பாதியைச் சுவர் வழியாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது அப்போதுதான் தெரியும். திட்டினேன். "நீ வேலைக்குப் போ" என்றாள். அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளைகளில் ஒன்று இருக்கிறது. ஒன்றுதான் இருக்கிறது.

விதைக்கிறவர்கள் எப்படியோ தாக்குப்பிடிக்கிறார்கள், அக்கா. வாங்கித் தின்கிறவர்கள்தான் சாகிறார்கள். படகோட்டிகள், நெசவாளர்கள், கூலிக்காரர்கள். முதலில் பாத்திரத்தை விற்றார்கள், பிறகு வீட்டுக் கதவை, பிறகு கூரைத் தகரத்தை. விற்க எதுவும் இல்லாதபோது நடந்து எங்களிடம் வருகிறார்கள்.

நேற்று ஒரு படகுக்காரம்மா வந்தாள். புருஷன் வேலை தேடிப் போய்த் திரும்பவில்லை. இடுப்பில் பெண் குழந்தை. "கொழந்தையக் கீழ எறக்கும்மா, பார்க்கணும்" என்றேன். இறக்கவில்லை. மறுபடி சொன்னேன். இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கிட்டே போய்த் தொட்டபோதுதான் எனக்கு விளங்கியது. அவளுக்கு அது முன்பே தெரியும். இறக்கினால் எங்களுக்கும் தெரிந்துவிடும் என்றுதான் இறக்கவில்லை. சாயங்காலம்வரை நானும் அவளோடு தரையில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவளாகவே என் மடியில் கிடத்தினாள்.

இதிலும் மை பூசுவார்களா தெரியாது. பூசட்டும். அத்தானிடம் சொல், இனி எதுவும் கேட்கமாட்டேன். உனக்கும் எழுதப் போவதில்லை.


ஜூலை 7

தங்கச்சி,

இதைப் படிக்காமல் கிழித்துவிடாதே. இது சண்டைக் கடிதம் இல்லை. உன்னை ஒன்று கேட்க வேண்டும். பட்டினி கிடந்தவனுக்குச் சோறு போட்டால் அவன் செத்துப் போவானா?

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஆலையில் மூட்டை தூக்குகிறவரை நீ பார்த்திருக்கிறாய், மலை என்று கூப்பிடுவோமே, அவர்தான். நான் கல்யாணமாகி வந்த அன்று என் பெட்டிகள் மூன்றையும் ஒரே நடையில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். போன மாதம் அவர் மூட்டையோடு கிடங்குக்குள் போனார், திரும்பி வரவில்லை. உள்ளே அடுக்குகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தார், மூட்டை முதுகின் மேல். மூட்டையை எடுத்துப் போட்டார்கள். எழுந்திருக்கவில்லை. உன் அத்தானே அவரைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். "மலைடி இவன்... ஒரு மூட்டை கனம்கூட இல்ல" என்றார். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

கூலி பழைய கூலி, அரிசி புது விலை. வாங்குகிற கொஞ்சத்தையும் பெண்டாட்டி பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, நாளெல்லாம் அரிசி சுமந்திருக்கிறார் அந்த மனுஷர்.

உன் அத்தான் ஆலைப் படிக்கட்டில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். "கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. "கேட்டாருங்க. கூலிக்குப் பதிலா அரிசியாக் குடுங்கன்னு கேட்டாரு. ஒருத்தனுக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்கன்னு நீங்கதான சொன்னீங்க" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்துப் படியில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனார்.

நான் சாவியை எடுத்தேன். மலையின் மனைவிக்கு இரண்டு மூட்டை அனுப்பினேன். ஆலை வாசலில் அடுப்பு மூட்டி, பெரிய அண்டாவில் சோறு வடித்தேன். சமைத்ததை எதிர்க்கடைக்காரர் வாங்கி அடுக்க முடியாது அல்லவா? அன்றைக்கு எழுதாத பதில் கரண்டி பிடித்தபோது கிடைத்தது. ஜனம் வந்தது. தட்டு நிறையப் போட்டேன். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு குளிர்ந்தது. ஒரு நெசவாளர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். "ஒங்க கை நல்லாருக்கணும் தாயே" என்றார். பொழுது சாய்வதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் கண் முன்னால் போய்விட்டார். ஒரு கிழவியும் போனாள். அரிசியில் விஷம் என்று ஊரெல்லாம் பேச்சு. அடுப்பை அணைத்துவிட்டேன்.

நான் கொன்றுவிட்டேனா? ஒளிக்காமல் சொல்.

அக்கா


ஜூலை 14

அக்கா,

நீ கொல்லவில்லை. முதலில் இதை மூன்று தடவை படி, பிறகு மேலே போ.

நாங்களும் இப்படித்தான் கற்றோம். மார்ச் மாதம் ஒரு சிப்பாய் இரக்கப்பட்டுத் தன் பிஸ்கட் டப்பாவை முழுசாக ஒரு நோயாளியிடம் கொடுத்துவிட்டுப் போனான். அந்த ஆள் விடியுமுன் போய்விட்டார். நான் பக்கத்தில் இருந்தும் தடுக்கவில்லை, சாப்பிடட்டும் என்று சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநாள் காய்ந்த உடம்பு திடீரென்று நிறையச் சாப்பாட்டைத் தாங்காது, அக்கா. இருதயம் நின்றுவிடும். அதைப் பெரிய டாக்டர் அன்றைக்குத்தான் எங்களுக்குச் சொன்னார். உனக்குச் சொல்லியிருக்க வேண்டியது நான். நான்தான் ரோஷம் பிடித்துக்கொண்டு பேனாவை மூடி வைத்திருந்தேன்.

அடுப்பை உடனே பற்றவை. இன்றைக்கே. நீ அணைத்துவைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த நெசவாளர் மாதிரி எத்தனை பேர் உன் வாசலுக்கு வராமலே போகிறார்களோ.

சோறு வேண்டாம், கஞ்சி போடு. தண்ணீராக, வடிகட்டி. கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சர்க்கரை. ஒரு தடவைக்கு ஒரு சின்னக் கரண்டி போதும். நிழலில் உட்கார வை, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கரண்டி. திட்டுவார்கள், அழுவார்கள், காலைப் பிடிப்பார்கள். கொடுக்காதே. நாலைந்து நாளில் கொஞ்சம் கெட்டியாக்கு. முகமும் காலும் உப்பியிருந்தால் தெம்பாக இருக்கிறார் என்று ஏமாந்துவிடாதே, அது நீர், அவர்கள்தான் ரொம்ப மோசம். பேசத் திராணியில்லாமல் ஓரமாகக் கிடப்பவர்களை நீயாகத் தேடிப் போய்க் கொடு, வரிசையில் முண்டுகிறவனுக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. விஷம் என்று சொல்பவர்களுக்கு முன்னால் நீ முதல் கரண்டியைக் குடி.

மலையை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உன் கல்யாணத்தில் என்னையும் பெட்டியோடு சேர்த்துத் தூக்கிவிட்டார்.

எழுதமாட்டேன் என்று எழுதியதை மறந்துவிடு. உடனே பதில் போடு.

உன் தங்கை


ஆகஸ்ட் 12

வாயாடிக்கு,

முதல் கரண்டியை நான் குடித்தேன். இரண்டாவதை உன் அத்தான் வந்து கேட்டு வாங்கிக் குடித்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ஆலை முதலாளி தெருவில் நின்று கஞ்சி குடிப்பதைப் பார்த்ததும் விஷப் பேச்சு அடங்கியது. இப்போது மூன்று அடுப்பு எரிகிறது. மலையின் மனைவிதான் கரண்டிக்காரி. என்னால் முடியாது, கெஞ்சினால் கை தாராளமாகிவிடுகிறது. அவள் அசையமாட்டாள். "குடுக்கக் கூடாதுன்னா குடுக்கக் கூடாது. எம் புருஷன் இருந்திருந்தாலும் ஒரு கரண்டிதான்" என்பாள். உன் கடிதம் வந்த பிறகு எங்கள் வாசலில் சோற்றால் ஒருவரும் சாகவில்லை. பசியால் சாகிறார்கள், இன்னும். தாமதமாக வருகிறவர்களை என்ன செய்தும் பிடித்து நிறுத்த முடியவில்லை.

எதிர்க்கடைக்காரர் சண்டைக்கு வந்தார். "இப்பிடி சும்மா ஊத்திக்கிட்டிருந்தா எங்க வெலை என்னாவறது?" என்றார். உன் அத்தான், "வாங்கணும்னா வாங்கிக்கய்யா. ஒரு கரண்டி கஞ்சி. கிடங்குல ஊத்தி வெச்சுப் பூட்டிக்க" என்றார். தெருவே சிரித்தது. அந்த மனுஷர் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நான் அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். புகை என்று சொல்லிவிட்டேன்.

இனிமேல்தான் சேதி. போன ஞாயிற்றுக்கிழமை உன் அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தடை உத்தரவை எடுத்துவைத்துப் படித்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு கூப்பிட்டார்.

"இங்க வா. இதுல என்ன போட்டிருக்கு? நெல்லு, அரிசி, கோதுமை, சோளம், உமி நீக்கியது, நீக்காதது. மாவுன்னு எங்கயாச்சும் இருக்கா?"

"இல்ல."

"வறுத்து அரைச்ச மாவுன்னு?"

"இல்லைங்க."

"அப்ப மாவுக்குத் தடை இல்ல. வறுத்துட்டா அது தானியமில்லடி, பலகாரம்!"

பதுக்கத் தெரிந்த மூளைக்கு இதுவும் தெரிகிறது பார். அவரிடமே சொன்னேன், முறைத்தார். ஆலையில் வேலையில்லாமல் இருந்த பெண்கள் எல்லாம் இப்போது வறுக்கிறார்கள். ஊரே மணக்கிறது. அரிசியும் பயறும் சேர்த்து வறுத்து, கொஞ்சம் சர்க்கரை கலந்து நைசாக அரைக்கிறோம். கொதிக்கிற தண்ணீரில் கரைத்தால் உன் கஞ்சி தயார், விறகும் மிச்சம்.

வருகிற வாரம் ஒரு லாரி மாவோடு நானே வருகிறேன். சாவடியில் டிரைவர் பேசினால் பிடித்துக்கொள்வார்கள், நான் பேசினால் எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருக்க முடியும்? அவரையும் கூப்பிட்டேன். "படி ஏற வேணாம்னு சொன்னாளே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அக்கா


செப்டம்பர் 5

வாயாடிக்கு,

வந்து சேர்ந்தேன். உன்னை விட்டு வரும்போது ஒன்றும் சொல்லாமல் லாரியில் ஏறிவிட்டேன், மன்னித்துக்கொள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயம். உன் மணிக்கட்டு அவ்வளவு ஒல்லியாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. உனக்கென்று தனியாக ஒரு பொட்டலம் வைத்தேனே, அதை வார்டில் கரைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தாய். உன் சத்தியம் எனக்குத் தெரியும். அதனால் மேட்ரனிடம் இன்னொன்று கொடுத்து, நீ குடிப்பதை நின்று பார்க்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

தாழ்வாரத்தில் அந்தப் படகுக்காரம்மா பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். ஊட்டினால் விழுங்கினாள், என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இங்கே வந்த பிறகும் அவள் நினைப்பாகவே இருக்கிறது. எப்படி இருக்கிறாள் என்று எழுது.

உன்னிடம் வரும்போது சாவடியில் என்ன பாடு பட்டேன் என்று உனக்குச் சொன்னேன். திரும்பும்போது நடந்ததைக் கேள். போகும்போது மாவை விரலால் தொட்டு நக்கிப் பார்த்தானே, அந்தச் சிப்பாய்தான் மறுபடி வண்டியை நிறுத்தினான். காலி லாரியில் என்னத்தைத் தேடப் போகிறான்? அவன் எதையும் தேடவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "எங்க ஊரு ஆத்துக்கு மேல் பக்கம். எங்கம்மா அங்க இருக்காங்க. அவங்ககிட்ட இருந்து கடுதாசி வந்து ரொம்ப நாளாச்சு. அந்தப் பக்கமும் அனுப்புவீங்களாம்மா?" என்றான். துப்பாக்கி வைத்திருக்கிறவன் கேட்கிற கேள்வியா அது? அவன் ஊருக்கு வழி கேட்டுக்கொண்டு வந்தேன். நேற்று அங்கே ஒரு வண்டி போனது.

எதிர்க்கடைக்காரருக்கும் மனசு இளகிவிட்டது. இருபது மூட்டை அனுப்பியிருக்கிறார், அரைத்துக்கொள்ளுங்கள் என்று. கிடங்குகளில் சோதனை போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட மறுநாள் இளகியது. எப்படி இளகினால் என்ன, வறுத்தால் அதுவும் அதே மணம்தான்.

உன் அத்தான் நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு தடவைதான் கேட்டார். பிறகு வார்டைப் பற்றி, மாவு கட்டி தட்டாமல் கரைகிறதா என்பதைப் பற்றி ராத்திரிச் சாப்பாடு முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். அவர் உன்னைப் பற்றிக் கேட்கிற விதம் அதுதான்.

அக்கா


நவம்பர் 18

அக்கா,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு நீ நினைக்கிற காரணம் எதுவும் இல்லை, வேலைதான். கடைசி இரண்டு வண்டி மாவும் வந்து சேர்ந்தன. அதற்குப் பிறகு ஒரு அதிசயம், சர்க்காரின் அரிசியும் வந்தது. வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர் ஒருவர் எங்கள் தாழ்வாரத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனாராம். தலைநகரத்தில் அதற்கு மை பூச முடியவில்லை போல. நிவாரணம் என்று சொல்கிறார்கள், கஞ்சித்தொட்டி என்று சொல்கிறார்கள், பஞ்சம் என்றுகூடச் சொல்லிவிட்டார்கள். மாவட்டத் தடையையும் எடுத்தாயிற்று. பெரிய டாக்டர் போன வாரம் ஒரு அட்டையில் 'பட்டினி' என்று எழுதினார். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன நாள் எழுதாதவங்கள யாரும்மா எண்ணுவாங்க?" என்றார். எங்கள் தெருவில் மட்டும் கதவில்லாத வீடுகள் எத்தனையோ, உள்ளே யாரும் இல்லாதவை.

ஆனால் ஆற்றங்கரை வயல்களில் கதிர் முற்றி நிற்கிறது. அறுக்கத்தான் ஆள் போதவில்லை. எழுந்து நடக்கிறவர்கள் எல்லாம் அறுப்புக்குப் போகிறார்கள், கூலி அரிசியாகவே கிடைக்கிறதாம். முடிவெட்டுகிறவர் வீட்டில் மிஞ்சிய பெண்ணை நான் என்னோடு வைத்துக்கொண்டேன். என்னைவிட அதிகமாகப் பேசுகிறாள். நீ பாவம், வந்தால் இரண்டு வாயாடிகளைச் சமாளிக்க வேண்டும்.

அத்தானை இந்தத் தடவை கூட்டிக்கொண்டு வா. வருவதற்கு யோசித்தால் இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடு. அத்தான், அன்றைக்கு நான் முழுசாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் பேசிவிட்டேன். எங்கள் வீட்டில் மூன்றே படிதான், நிதானமாக ஏறி வாருங்கள்.

படகுக்காரம்மாவைக் கேட்டிருந்தாய். நீ போன பிறகும் வெகுநாள் அப்படியேதான் கிடந்தாள். உடம்பில் சதை ஏறியது, ஆனால் கொடுத்தால் குடிப்பாள், கொடுக்காவிட்டால் கேட்கமாட்டாள். பெயரைக் கேட்டால் சுவரைப் பார்ப்பாள். இவளை வீட்டுக்கு அனுப்புவது எப்படி, எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று மேட்ரனும் நானும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம்.

இன்று காலை கஞ்சி கொடுத்துக்கொண்டு போனேன். புதிதாகச் சேர்ந்த பெண் கலக்கியது, அவசரத்தில் சரியாகக் கலக்கவில்லை. நான் நாலு கட்டில் தள்ளிப் போய்விட்டேன். பின்னால் டங் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் படகுக்காரம்மா எழுந்து உட்கார்ந்து கிண்ணத்தைத் தரையில் வைத்திருக்கிறாள்.

"யாருடி இதைக் கரைச்சது?"

அந்தக் குரலை நாங்கள் கேட்டதே இல்லை. ஆற்றுக்கு அந்தக் கரையில் நிற்கிறவனைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"கட்டி கட்டியா இருக்கு. மனுஷி குடிப்பாளா இதை?"

முதலில் பக்கத்துக் கட்டில் கிழவி சிரித்தாள். பிறகு ஜன்னலோரத்தில் ஒருத்தி, "எனக்கும்தான் கட்டி. சொன்னா கோச்சுக்குவீங்கன்னு முழுங்கிட்டேன்" என்றாள். உடனே ஆளுக்கு ஆள் ஆரம்பித்துவிட்டார்கள். நேற்று ஆறிப்போயிருந்ததாம், முந்தாநாள் தண்ணியாக இருந்ததாம், போர்வை கடிக்கிறதாம், எதிர்க்கட்டில்காரி குறட்டை விடுகிறாளாம். மேட்ரன் என்ன கலவரம் என்று ஓடி வந்தாள். புதுப் பெண் அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அக்கா, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, கையில் வாளியோடு நிற்கிறேன்.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் வடிகட்டி, சூடு பண்ணி, நானே கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். நான் நின்றேன்.

"பரவாயில்ல" என்றாள். "இன்னொரு கரண்டி ஊத்து."

உன் தங்கை